பதினான்கு வயதுப் பிரிவின் கணக்கு

நான் அச்சிட்டுக் கொடுத்திருந்த தாளில் உரிமையாளர் ஒரே ஓர் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவு. பயிற்சியாளர்கள் இருவர், பிசியோதெரபிஸ்ட் ஒருவர், விடுதி, சாப்பாடு, பள்ளிக் கட்டணம், வெளியூர் ஆட்டங்களுக்கான வண்டி. எல்லாம் சேர்த்தாலும் முதல் அணியில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். "இது எப்போது திரும்பி வரும்?" என்று கேட்டார். அகாடமி இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

கால்பந்து கிளப்புகளின் இளையோர் அகாடமிகளில் பதினோரு ஆண்டுகள் கணக்கும் வீரர் பதிவும் பார்த்திருக்கிறேன். இரண்டு கிளப்புகள், மூன்று உரிமையாளர்கள். பையன்களுக்கு நான் பந்து சொல்லிக்கொடுத்தவன் இல்லை. அவர்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒப்பந்தங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் அடுக்கி வைத்தவன். ஆனால் உரிமையாளரின் மனத்தைப் படிக்க அந்த நாற்காலியைவிட நல்ல இடம் கிடையாது. மேடையில் எல்லா உரிமையாளர்களும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்கள்: எதிர்காலம், மண்ணின் மைந்தர்கள், கனவு. பட்ஜெட் தாளில் ஒவ்வொருவர் பேனாவும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த கிளப்பின் உரிமையாளருக்குக் கால்பந்து மேல் உண்மையான பிரியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்குக்கூட வந்து, கோட்டுக்கு வெளியே பெற்றோர்களோடு நின்றுகொண்டிருப்பார். எந்தப் பையன் இடது காலால் அடிப்பான், எவனுடைய அப்பா இரவுப் பணியில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நம் அகாடமியில் வளர்ந்த பதினொரு பேர் ஒருநாள் முதல் அணிச் சட்டையில் இறங்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 2012 நவம்பர் 25 அன்று லெவாண்டேவுக்கு எதிரான ஆட்டத்தில் டேனி ஆல்வெஸ் காயமடைந்து வெளியேற, அவருக்குப் பதிலாக மொன்டோயா வந்ததும், பார்சலோனாவின் பதினொரு பேருமே அந்தக் கிளப்பின் சொந்த அகாடமியான லா மாசியாவில் வளர்ந்தவர்களாக இருந்தார்கள். எங்கள் உரிமையாளர் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். லா மாசியா 1979-இல் விடுதியாகத் தொடங்கியது. அந்தக் காட்சி வர முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கணக்கை மட்டும் அவர் ஒருபோதும் போட்டுப் பார்த்ததில்லை.

அவரிடம் வேலை பார்த்த நாட்களை நான் நேசிக்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். முதல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய ஆண்டில் அவர் மனம் உடைந்து மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வராமல் போனதும் பணமும் வராமல் போனது. பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. விடுதிக்குக் காய்கறி போட்டவர் என் மேசைக்கே வந்து நின்றார். பிரியத்தால் நடக்கும் அகாடமி அந்தப் பிரியம் இருக்கும் வரைதான் நடக்கும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

அவரிடமிருந்து கிளப்பை வாங்கியவர் பிரியத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வந்த முதல் வாரமே என்னை அழைத்து, கணக்கியல் முறையை விளக்கச் சொன்னார். விளக்கினேன். வெளியிலிருந்து ஒரு வீரரை 100-க்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால், அந்த 100 ஆண்டுக்கு 20 வீதம் செலவாகக் கழிகிறது. இரண்டு ஆண்டு கழித்துப் புத்தகத்தில் அவருடைய மதிப்பு 60. அப்போது அவரை 80-க்கு விற்றால் லாபம் 20. அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. புத்தக மதிப்பு பூஜ்யம். அவரை 80-க்கு விற்றால் 80-உம் அந்த ஆண்டின் லாபம். போதாததற்கு, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ 2010-இல் கொண்டுவந்த நிதி ஒழுங்கு விதிகளின்படி, ஒரு கிளப்பின் நட்டத்தை அளக்கும்போது இளையோர் வளர்ச்சிக்குச் செய்த செலவு கழித்துக்கொள்ளப்படுகிறது. செலவு விதியின் கண்ணில் படாது, வரவு முழுதாகப் படும். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்படியானால் இது செலவே இல்லை" என்றார்.

இப்படி நினைப்பவர்களைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நெதர்லாந்துக் கிளப்பான அயாக்ஸ் தலைமுறை தலைமுறையாக இந்த வழியில்தான் பிழைத்திருக்கிறது. ஒன்பது வயதில் அங்கே வந்த டி லிக்ட், 2019-இல் அணித்தலைவராகச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை கூட்டிச் சென்றுவிட்டு, அதே கோடையில் 75 மில்லியன் யூரோவுக்கு யுவென்டஸுக்குப் போனார். அதே கோடையில் போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகா ஜோவா ஃபெலிக்ஸை 126 மில்லியன் யூரோவுக்கு அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்றது. விற்பவர்கள்தான் நன்றாக வளர்க்கவும் செய்கிறார்கள். சரக்கு மட்டமாக இருந்தால் வாங்க ஆள் வராது. எங்கள் இரண்டாவது உரிமையாளரிடம் சம்பளம் ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை. புல்தரை மாற்றப்பட்டது. விடுதியில் இரவு நேரச் செவிலியர் வந்தார். பிரியமானவர் காலத்தில் நாங்கள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதவை இவை.

ஆனால் வட்டம் போட்டதும் அவர்தான். விற்கும் எண்ணத்தோடு பார்ப்பவருக்குப் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன் தெரிவதில்லை. பதினாறு வயதில் பக்கத்துக் கிளப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே, அதுவரை வேறு யாராவது சோறு போடட்டுமே என்பது அவர் வாதம். இந்த வாதத்தின் மறுபக்கத்தை 2016-இல் இங்கிலாந்துக் கிளப்பான பிரென்ட்ஃபோர்ட் வெளிப்படையாகச் சொன்னது. தாங்கள் வளர்க்கும் நல்ல பையன்களைப் பெரிய கிளப்புகள் சொற்ப இழப்பீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அகாடமி நடத்தி என்ன பயன் என்று கேட்டு, அதை மூடிவிட்டு, மற்ற கிளப்புகள் கைவிட்ட இளைஞர்களைச் சேர்த்து முதல் அணிக்கு அடுத்ததாக ஒரு பி அணியை உருவாக்கியது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்கு ஏறிய பிறகு மறுபடியும் அகாடமி தொடங்கியது. யாராவது ஒருவர் பன்னிரண்டு வயதில் சோறு போட்டால்தான் இன்னொருவர் பதினாறு வயதில் எடுத்துக்கொள்ள முடியும். எல்லோரும் காத்திருந்தால் எடுக்க ஆள் இருக்காது.

மூன்றாவது உரிமையாளரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாவது கிளப்பில் சேர்ந்தபோது பார்த்தவர். கிளப் போட்டிகளில் ஆட உரிமம் கிடைக்க இளையோர் அணிகள் கட்டாயம். ஐரோப்பியப் போட்டிகளுக்குப் பதியும் 25 பேரில் எட்டுப் பேர் உள்நாட்டில் வளர்ந்தவர்களாகவும், அதில் நான்கு பேர் அதே கிளப்பில் வளர்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும் என்று விதி கேட்பது போல, விதி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் செய்பவர். அகாடமி இருந்த நிலத்தின் மதிப்பை ஆண்டுதோறும் என்னிடம் தவறாமல் கேட்பார். பையன்களின் எண்ணிக்கையை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

முதல் கிளப்பில், வட்டம் போட்ட கூட்டத்துக்குப் பிறகு அந்தப் பிரிவு பாதியாகக் குறைக்கப்பட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பயிற்சியாளர்கள் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள். தேர்வு ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் உயரமாகவும் பலமாகவும் இருப்பார்கள். கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு பின்தங்கித் தெரிவார்கள். இது பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் நெருக்கடி வந்தால் உயரமானவனைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான ஹாரி கேனை எட்டு வயதில் ஆர்சனல் அனுப்பியது, பின்னாளில் பிரான்ஸின் நட்சத்திரமான கிரீஸ்மனை உடம்பு சிறியது என்று பல பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பியது எல்லாம் அந்த அறையில் பேசப்பட்டன. பேசிவிட்டுப் பட்டியலில் கையெழுத்தும் போட்டார்கள்.

அனுப்பப்பட்ட பையன்களின் கோப்புகளை முடிப்பது என் வேலை. அதில் ஒருவன் ஆண்டின் கடைசி மாதத்தில் பிறந்தவன், நடுக்கள ஆட்டக்காரன். அம்மா கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் மாடியேறி என் அறைக்கு வந்தான். எங்கள் அகாடமியில் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரின் உயரத்தையும் அளந்து பதிவோம். எலும்பு வேகமாக வளரும் மாதங்களில் பயிற்சியைக் குறைப்பதற்காக. அளவுகோல் என் அறைச் சுவரில்தான் இருந்தது. "சார், இந்த மாதம் எனக்கு இன்னும் அளக்கவில்லை" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்றான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அளந்தேன். போன மாதத்தைவிட ஒன்றேகால் சென்டிமீட்டர் கூடியிருந்தது. மூடப்பட வேண்டிய கோப்பில் அதையும் எழுதினேன். எழுதிய எண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "வருகிறேன் சார்" என்று சொல்லி இறங்கிப் போனான்.

ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பை மறுபடியும் திறக்க வேண்டி வந்தது. ஒப்பந்தம் முடியும் முன்பே ஒரு வீரர் இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் ஐந்து சதவீதம் அவரைப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குக் கால் சதவீதம், பிறகு ஆண்டுக்கு அரை சதவீதம். வேறொரு கிளப்பில் வளர்ந்து வெளிநாடு போயிருந்தான் அவன். எங்களிடம் இருந்தது மூன்று ஆண்டுகள். முக்கால் சதவீதம் எங்கள் பங்கு. பதிவு விவரங்களைச் சரிபார்த்து அனுப்பினேன். வந்த தொகை, வட்டம் போடப்பட்ட அந்தப் பிரிவின் ஓர் ஆண்டுச் செலவைவிடக் கூடுதலாக இருந்தது.

உரிமையாளர் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகிவிடாது. அவனோடு அனுப்பப்பட்ட மற்றவர்கள் யாரும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகவில்லை. அவர்களில் இருவர் பள்ளிப் படிப்பையும் பாதியில் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உரிமையாளர் எதற்காகப் பணம் போடுகிறார் என்பதைப் பற்றி எனக்கு இப்போது கோபம் இல்லை. பெருமைக்காகப் போடட்டும், விற்பதற்காகப் போடட்டும், விதிக்காகப் போடட்டும். போகச் சொன்ன பையனுக்கு மறுநாள் காலை என்ன ஏற்பாடு என்று ஒரு வரி இருக்கிறதா என்றுதான் நான் தாளில் தேடுகிறேன்.

அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அந்த வரியை நானே சேர்த்தேன்: விடுவிக்கப்படும் வீரர்களுக்கு ஓராண்டுப் பள்ளிக் கட்டணம், வேறு கிளப்பில் தேர்வுக்குப் போக வழிச்செலவு. முக்கால் சதவீதமாக வந்த பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அதன் அடியில் குறித்தேன். உரிமையாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பேனா அந்த இடத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு தொகையைப் பாதியாகத் திருத்தி, வரியை விட்டுவைத்து, கையெழுத்துப் போட்டார்.