தரங்கம்பாடியில், சீகன்பால்கு ஐயர் கல்லறை அருகே

மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் போகும் பஸ் திருக்கடையூர் தாண்டியதும் தரங்கம்பாடி வந்துவிடும். பழைய நகர வாயிலுக்குள் நுழைந்து கடலைப் பார்க்க நடந்தால் ராஜ வீதியிலேயே புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் 1718 என்ற ஆண்டும், டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக்கின் கிரீடம் வைத்த முத்திரையும் இருக்கின்றன.

அந்த அரசர் அனுப்பித்தான் ஜெர்மன் மிஷனரியான சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில் இந்தக் கரையில் வந்து இறங்கினார். இரண்டு வருஷம் கழித்து, அதே அரசரின் கொடி பறந்த கோட்டையில் நான்கு மாதம் அவரை அடைத்து வைத்தார்கள். 1707-இல் அவர் கட்டிய முதல் ஆலயம் இன்று இல்லை. 1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

நான் போனது அம்மாவை நினைத்து. அம்மாவுக்கு மறதி நோய். வீட்டுக்குள் நுழைந்தால் "வாங்க, உட்காருங்க" என்கிறாள். பிறந்ததிலிருந்து என்னை "வாடா" என்று மட்டுமே கூப்பிட்டவள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு விளக்கைப் போட்டார். பீடத்தருகே இருக்கும் கல்லறையைக் காட்டி, "முப்பத்தாறு வயசுதான் சார்" என்றார். 1719 பிப்ரவரியில் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்திருந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும்தான் மொழிபெயர்க்க முடிந்தது.

அங்கே உட்கார்ந்து நான் திறந்தது ஏசாயா 49. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." பெற்ற தாயே மறக்கக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் இந்த வாக்கைத் தருகிறார். அப்போதுதான் உறைத்தது: இந்த வசனம் வரைக்கும் ஐயர் வந்து சேரவே இல்லை. ரூத்தோடு அவர் கை நின்றது. அந்த மொழிபெயர்ப்பைத் தொடரப் பின்னால் சூல்ச் ஐயர் வந்தார், அவருக்குப் பின் பெப்ரிஷியஸ் ஐயர். ஊழியர்கள் மாறினார்கள், வேலை கொடுத்தவர் மாறவில்லை. அதனால்தான் எனக்குத் தேவையான வசனம் என் தாய்மொழியில் என் மடிமேல் இருக்கிறது.

மாறாதவர் என்றால் எதற்கும் இளகாதவர் என்று சிலர் பயப்படுகிறார்கள். மல்கியாவில் அவரே சொல்வதைப் படித்துப் பாருங்கள்: "நான் கர்த்தர், நான் மாறாதவர், ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை." அவர் இரக்கம் மாறாததால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். அம்மாவின் நினைவில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எங்கள் இரண்டு பேரையும் அவர் அறிந்திருக்கிறார். அவள் ஐம்பது வருஷமாகச் செய்த ஜெபங்கள் அவளுக்கே ஞாபகம் இல்லாமல் போகலாம். அவற்றைக் கேட்டவருக்கு ஒன்றும் மறக்கவில்லை.

நினைவு திரும்ப வேண்டும் என்று அன்றும் ஜெபித்தேன். அப்புறம், அவள் மறந்துபோன பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தேன்: அப்பா, தங்கச்சி, பேரப்பிள்ளைகள், நான்.

புறப்படும்போது அந்த அண்ணன், "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாங்க சார்" என்றார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். பேர்தான் அவளுக்கு வருவதில்லை. கீர்த்தனையை ஆரம்பித்தால் கடைசிச் சரணம் வரை கூடவே பாடுகிறாள்.