மேல் அளவைக் கவனிக்காத நாட்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்க நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வயதோடு நூறைக் கூட்டி, மேல் அளவு அதற்குள் இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். மூத்தவர்கள் சொல்லக் கேட்டுப் பழகிய கணக்கு அது. எழுபது வயதுக்காரருக்கு 168/80 என்று வந்தால், கீழ் அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

மூட்டுவலி மாத்திரைக்காக மாதந்தோறும் வரும் பாட்டி ஒருவர், "தலைவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல, எனக்கு ஏதும்மா பிரஷர்?" என்பார். மூன்று மாதமும் 160-ஐத் தாண்டிய மேல் அளவை அவருடைய சீட்டில் எழுதிய நான், மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் விழுங்கிவந்த வலி மாத்திரைகளே அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்காம் மாதம் அவருடைய மகன்தான் வந்தார். அம்மாவுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது என்று சொல்லி அவர் நீட்டிய சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

வயது ஏற ஏறப் பெருந்தமனி விறைத்துப்போவதால் மேல் அளவு மட்டும் உயர்ந்து, கீழ் அளவு அப்படியே நிற்கும் அல்லது இறங்கும். முதியவர்களிடம் அதிகம் காணப்படுவது இந்த வகைதான். இப்படிப்பட்ட 4,736 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஷெப் ஆய்வு, சிகிச்சையால் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததைக் காட்டியிருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வெளிவந்த செய்தி.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் எனக்கு வந்தது. கருவியை விட, நாற்காலியைப் பற்றித்தான் அவர்களிடம் அதிகம் பேசுகிறேன். களத்திலிருந்து நடந்துவந்த தாத்தாவுக்கு உடனே பார்த்தால் 172. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தால் 146. இறுக்கமான ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவதும், கை தொங்கியபடி இருக்கப் பார்ப்பதும் அளவை மாற்றிவிடும். எழுந்து நிற்கவைத்தும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன். நின்றதும் மேல் அளவு 20 இறங்கினால், மாத்திரை எழுதும் மருத்துவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தைக் குறைக்கப்போய், எழுந்ததும் கிறுகிறுத்து விழுந்து இடுப்பெலும்பு முறியும்.

சென்ற வாரம் ஒரு தன்னார்வலர் தொலைபேசியில் அழைத்தார்.

"சிஸ்டர், மேல 158, கீழ 76. கீழ நார்மல்தான், விட்டுடவா?"

"விடாதம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாரு. நாளைக்கும் பார்த்துட்டு, சீட்டோட அனுப்பி வை."