பழைய குட்டியானைக்கு வீட்டு வைத்தியம்

என்னிடம் இருப்பது 2009 மாடல் டாடா ஏஸ். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது குட்டியானைதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, முருங்கை, திரும்பி வரும்போது உரமூட்டை, மாட்டுத்தீவனம் என்று ஓடுகிற வண்டி. 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின். வீட்டு வாசலில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான டீசல் வண்டி கிடைப்பது கஷ்டம்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வயதான வண்டி நின்றுபோனால் பெரிய பாகம் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் போயிருப்பது ஒரு வயர், ஒரு ரப்பர் குழாய், ஒரு வாஷர். அதைத் தேட நேரம் வேண்டும். பட்டறைக்காரருக்கு அந்த நேரம் இல்லை, அதனால் பாகத்தை மாற்றிவிடுகிறார். நமக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

முதலில் செல்ஃப் கதை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு, 12.6 வோல்ட் காட்டுகிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கொடுக்கச் சொன்னார்கள். கொடுப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முள்ளிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்துக்கொண்டு பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. அதாவது கரண்ட் திரும்பி வருகிற வழியிலேயே தடை இருக்கிறது. எர்த் வயரை சேஸிஸோடு இறுக்குகிற போல்ட்டைக் கழற்றினால், லக்குக்கு (வயர் நுனியில் இருக்கிற உலோக வளையம்) அடியில் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, வயரையும் புதிதாக மாற்றி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிட்டேன். செல்ஃப் மோட்டாரை யாரும் தொடவில்லை. மீட்டர் இல்லாதவர்கள், ஜம்ப் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சினுக்குக் கொடுத்து செல்ஃப் அடித்துப் பார்க்கலாம். சுறுசுறுப்பாகச் சுற்றினால் குற்றவாளி எர்த்துதான்.

என்னை நன்றாகச் சுற்றவைத்தது ஏர் லாக், அதாவது டீசல் போகிற வழியில் காற்று புகுந்து அடைப்பது. காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கும், ஏற்றத்தில் திணறும், சில நாள் நடுரோட்டில் அணைந்துவிடும். ஃபில்டர் மாற்றியாயிற்று, அடியில் தேங்கிய தண்ணீரையும் வடித்தாயிற்று. அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: டேங்க் நிறைய டீசல் இருக்கிற நாளில் இந்தத் தொல்லை இல்லை, பாதிக்குக் கீழே இறங்கினால்தான் ஆரம்பிக்கிறது. டீசலைக் கீழேயிருந்து இழுக்க வேண்டி வரும்போது, எங்கோ காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. பம்பு உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே நுழையும். அதனால் ஈரத்தைத் தேடி டார்ச் அடித்துப் பயனில்லை.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த கறுப்புக் குழாயை எடுத்துவிட்டு, அதே அளவில் கண்ணாடி மாதிரி தெரிகிற குழாய் ஒரு முழம் போட்டு எஞ்சினை ஓட்டினேன். முதலில் டீசல் அசைவே தெரியாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மேல் ஓரமாக நகர்ந்து போனது, பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் வரிசையாக. ரேஸ் கொடுத்தால் குமிழிகள் ஒன்று சேர்ந்து நீளமாகின்றன. அந்தத் தெளிந்த குழாயையே ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தால், குமிழி எந்த இடத்துக்கு முன்னால் இல்லையோ அதற்கு அடுத்துதான் ஓட்டை. எனக்கு அது டேங்குக்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பர் கிளிப்புக்கு அடியில் கல்லாக இறுகி, மயிரிழை அளவு வெடித்திருந்தது. டீசலுக்கென்று விற்கிற குழாயையே வாங்குங்கள். தண்ணீர் டியூப் டீசலில் ஊறி உப்பிவிடும். சோதனைக்குப் போட்ட தெளிந்த குழாயையும் அப்படியே விட்டுவிடக் கூடாது, சூட்டில் இளகிவிடும்.

காற்றை எடுக்கிற வேலை சுலபம். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம்) பக்கத்து பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடித்தால் மிச்சக் காற்றும் போய்விடும். இரண்டு சிலிண்டர் வண்டியில் இரண்டே நட்டு, இது ஒரு சௌகரியம். அந்த நேரத்தில் கையை அங்கே வைக்க வேண்டாம். பம்பிலிருந்து வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகிற அழுத்தத்தில் வரும். விளையாட்டில்லை.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கம் வலது டிரம்மைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய். இது பிரேக் ஆயிலா, ஆக்சில் ஆயிலா என்று தெரியாமல் ஸ்பேர் வாங்கப் போகக் கூடாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், ஆக்சில் ஆயில் மேலே மிதக்கும். மிதந்தது. கந்தக வாடையும் அடித்தது. ஆக்சில் ஆயில் வெளியே வராமல் தடுக்கிற சீல் போய்விட்டது, சரி. ஆக்சிலை உருவுகிற வேலைக்குப் பக்கத்து ஊர் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் டிரம் பக்கமே திரும்பாமல் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“தம்பி, ஹவுசிங் மேல இருக்கிற பிரீத்தரைத் தொடச்சியா எப்பவாவது?”

“அது எதுக்குண்ணே?”

“ஆக்சில் மூச்சு விட வேண்டாமா? ஓடி ஓடிச் சூடாகுது, உள்ள காத்து விரியுது. மேல அடைச்சுக்கிட்டா சீலைத்தான் தள்ளிக்கிட்டு வெளிய வரும். நீ பத்து சீல் மாத்தினாலும் இதே கதைதான்.”

கட்டைவிரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு மூடி. அதன் மேல் வயல் சேறு காய்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினார், சீலையும் மாற்றினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் காய்ந்தே கிடக்கிறது. எண்ணெயில் ஊறிய லைனரை (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை) பெட்ரோலில் கழுவி மறுபடியும் போடச் சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மில் உள்ள தூசியை ஏர் அடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனரில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிரம் திறந்திருக்கும்போதே வீல் சிலிண்டர் ரப்பரையும் மாற்றிவிட்டேன். அப்புறம் பிரேக் ஆயிலில் காற்றெடுக்கும் வேலை. வீட்டுக்காரி சீட்டில், நான் சக்கரத்துக்கு அடியில்.

“மிதி... மிதி... அப்படியே அமுக்கிப் பிடி.” காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறக்கிறேன்.

“ஏங்க, கால் உள்ள போகுது!”

“போகட்டும், விட்டுடாத.” மூடிவிட்டேன். “இப்ப விடு.”

நிப்பிள் மூடுவதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க அதுதான். மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரத்தில் ஆரம்பித்து அருகே வர வேண்டும், மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடியில் படுக்கிற வேலை எதுவானாலும் ஜாக்கியை நம்பிப் படுப்பதில்லை. சேஸிஸுக்குக் கீழே கனமான வேப்பங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலை உள்ளே போகும்.

மற்றதெல்லாம் வழக்கமான பராமரிப்பு. கிங்பின்னுக்கும் (முன்சக்கரம் திரும்புகிற அச்சு) கிராஸ் ஜாயின்ட்டுக்கும் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டின் மூட்டு) கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வர வேண்டும், வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டையின் யு-போல்ட்டைப் பாரம் ஏற்றி ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பாரத்தைப் பற்றிப் பேசினால் மார்க்கெட்டில் சிரிப்பார்கள். இந்த வண்டிக்கு எழுதியிருப்பது முக்கால் டன். 14 கிலோ தக்காளிப் பெட்டி, பெட்டியின் எடையோடு சேர்த்தால், ஐம்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூறு ஏற்றுகிறார்கள். பட்டை உடைந்தது, ஹெட் கேஸ்கெட் போனது என்று புலம்புவதும் அவர்கள்தான்.

எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வருஷத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்னால் லோடு பாடிக்கு அடியில் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்துவிடுவேன், லைட்டுகளையும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரையும் சரிபார்ப்பேன். புகை அதிகமானால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பேன். நாசில், பம்பு செட்டிங் இரண்டையும் நான் தொடுவதில்லை. அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும்.

இப்போது கிளட்ச் நழுவ ஆரம்பித்திருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கேபிளில் பிளே (தளர்வு) சரியாக இருக்கிறது, பெடலும் தடையில்லாமல் மேலே வருகிறது, ஆக தேய்ந்தது பிளேட்தான். கியர்பாக்ஸை இறக்குவது வாசலில் படுத்துக்கொண்டு பார்க்கிற வேலை கிடையாது. தக்காளி வரத்து குறைந்ததும் பட்டறைக்கு விடப்போகிறேன்.