பால் கலந்த தண்ணீரும் மோனேயின் புகையும்

என் மேசைக்கு எதிர்ச்சுவரில் நாலைந்து வருடங்களாக ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பழைய காலண்டரிலிருந்து கத்தரித்து எடுத்தது. கிளாட் மோனே 1877-இல் வரைந்த சான் லசார் ரயில் நிலையம், பாரிஸ். முக்கோணமாக உயரும் கண்ணாடிக் கூரை, அதனடியில் கரிய எஞ்சின், சுருண்டெழும் புகை. போன வாரம் வீட்டுப்பாடத்துக்குப் பயந்து என் அறைக்குள் நுழைந்த மகள், அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா, புகை ஏன் நீலமாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

"அது ஓவியருடைய இஷ்டம்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அந்தப் பதில் கசந்தது. ஏனென்றால் மோனே இஷ்டத்துக்கு எதையோ தீட்டிவிட்டு வருவதற்காக அந்த நிலையத்துக்குப் போனவரல்ல. அப்போது அவர் அர்ஜான்தொய் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கிருந்து பாரிஸ் வந்தால் இறங்குவது சான் லசாரில்தான். ஓவிய நண்பர் கய்பொத் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். 1877-இன் தொடக்க மாதங்களில் அந்த ஒரே நிலையத்தைப் பன்னிரண்டு முறை வரைந்தார் மோனே. கணநேர வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் ஏப்ரலில் நடத்திய மூன்றாவது கண்காட்சியில் அவற்றில் ஏழு இடம்பெற்றன. அதே கண்காட்சியில்தான் கய்பொத்தின் மழைநாள் தெரு ஓவியமும் இருந்தது: கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அகலத் துணியில் குடைகளும் நனைந்த கல்பாவிய சாலையும்.

காலண்டர் அச்சடிப்பவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. இம்ப்ரஷனிஸ்ட் என்றாலே அல்லிக்குளம், பூந்தோட்டம் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஓவியர்கள் இரும்புப் பாலத்தையும் நிலக்கரிப் புகையையும் அன்றைக்கு நகரத்தில் புதிதாக இருந்த எல்லாவற்றையும் வரைந்தார்கள். அவர்களுக்கு நெருக்கமான மானே (மோனே அல்ல, வேறொரு ஓவியர்) 1873-இல் வரைந்த 'ரயில்பாதை' ஓவியத்தில் ரயிலே இல்லை. கம்பி வேலியைப் பிடித்தபடி ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். வேலிக்கு அப்பால் வெறும் வெண்ணிற ஆவி. என் மகளும் அன்று படத்தின் முன் அப்படித்தான் நின்றாள்.

பதில் அன்றிரவே கிடைத்தது, பால் பாத்திரம் கழுவும்போது. அடியில் ஒட்டியிருந்த பாலில் தண்ணீர் ஊற்றி, கருப்பு வாணலிக்குள் கொட்டினேன். மங்கலான நீலம்! உடனே கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

அரை லிட்டர் பிடிக்கும் நேரான கண்ணாடிக் குவளை, நிறையத் தண்ணீர், பின்னால் கருப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு டார்ச். விளக்கை அணைத்தோம். முதல் முயற்சியில் அவசரப்பட்டு ஒரு தேக்கரண்டி பாலை ஊற்றிவிட்டேன். எங்கிருந்து பார்த்தாலும் வெள்ளை. "இது சாதாரணப் பால் தண்ணீர்தானே" என்றாள், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினோம். இம்முறை ஆடை நீக்கிய பால், இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு சொட்டும் தண்ணீரில் நூலாக இறங்கிக் கலைந்தது. எட்டாவது சொட்டில், டார்ச்சின் ஒளி குவளைக்குள் ஒரு பாதையாகத் தெரிந்தது. அதன் நிறம் வெளிறிய நீலம். பிறகு குவளையைச் சுற்றிப்போய், டார்ச்சுக்கு நேரெதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தோம். தாளில் விழுந்த ஒளி மஞ்சள். இன்னும் ஐந்தாறு சொட்டு விட்டதும் அது ஆரஞ்சை நோக்கி நகர்ந்தது. ஒரே தண்ணீர், ஒரே டார்ச். நிற்கும் இடம் மட்டும் வேறு.

பாலில் உள்ள கேசின் புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். துகள் மிகச் சிறியதாக இருந்தால் 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். இயற்பியலாளர் ரேலி இந்தக் கணக்கை 1871-இல் எழுதினார், மோனே சான் லசாருக்குள் நுழைவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு. கொழுப்புத் துளிகள் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றாகவே சிதறடிப்பதால் வெள்ளை. ஆடை நீக்கியது அதற்காகத்தான். எஞ்சினின் நீராவியும் பெரிய துளிகள், எனவே வெள்ளை. நிலக்கரியின் மெல்லிய புகையோ நுண்துகள். இருண்ட கூரைக்கு முன்னால் நீலம் காட்டும். சருகு எரிகிற புகையைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும்.

நான் வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தபோது, அவள் டார்ச்சோடு படத்தருகே போய்விட்டாள். "அப்படியானால் வெயில் படும் கட்டிடத்துக்கு முன்னால் இருக்கிற புகை மஞ்சளாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேயும் நீலமாகத்தான் இருக்கிறது."

உண்மைதான். என் குவளையால் அதை விளக்க முடியாது. நேர்வெயில் படாமல் வானத்தின் வெளிச்சம் மட்டும் படும் ஆவி நீலம் கலந்துதான் தெரியும். அது நிழலின் நீலம். அதைக் காட்டுவதற்கு மறுநாள் மாலைவரை காத்திருந்தோம். பொழுது சாயும் நேரம் ஜன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு பென்சிலை நிறுத்தி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மெழுகுவத்தி ஏற்றினேன். தாளில் இரண்டு நிழல்கள் விழுந்தன. மெழுகுவத்தியால் விழுந்த நிழல் தெளிவான நீலம். ஜன்னலால் விழுந்தது ஆரஞ்சு சாயல். வெளிச்சமும் நம் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை இது. வானம் முழுதாக இருட்டும்வரை, ஒரு பத்து நிமிடம்தான் கிடைக்கும்.

லண்டன் நேஷனல் கேலரியில் இதே நிலையத்தின் இன்னொரு ஓவியம் இருக்கிறது. அதன் வண்ணங்களை ஆராய்ந்தபோது, கூரையின் இருண்ட பகுதிகளில் கருப்பு மிகச் சொற்பம் என்று தெரிந்தது. நீலமும் பச்சையும் சிவப்பும் குழைத்தே அந்த இருட்டைச் செய்திருக்கிறார். இதை அவளிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்து, தாளில் விழுந்த நிழலின் மேலேயே நீலத்தைத் தீட்டத் தொடங்கினாள். பாதி தீட்டுவதற்குள் நிழல் மங்கிவிட்டது. "மெழுகுவத்தியை அணைக்காதே" என்றாள். நான் அணைக்கவில்லை, வெளியே வானம்தான் அணைந்துகொண்டிருந்தது.