ஃபோனில் கலாய்க்க நீங்கள் கூப்பிட வேண்டாம், எடுத்தால் போதும்

ஃபோனில் கலாய்ப்பது என்றதும் புது நம்பரிலிருந்து குரலை மாற்றிப் பேசத்தான் பலரும் பார்க்கிறார்கள். இப்போது அது எடுபடாது. தெரியாத நம்பரைப் பலர் எடுப்பதே இல்லை. எடுத்தாலும் மோசடிக்காரனோ என்ற பயத்தோடுதான். மைக்கில் கைக்குட்டை போர்த்தும் வித்தையும் பழசு. அந்தக் காலத்து லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும், துணியும் சேர்ந்தால் ஆள் தெரியாது. இன்றைய ஃபோன்களின் துல்லியமான குரல் வசதியான எச்.டி. வாய்ஸ் 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகிறது. போதாததற்கு, பேச்சை இழுக்கும் விதமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

என் ஓட்டு, நண்பர்கள் அவர்களாகக் கூப்பிடும்போது செய்வதற்குத்தான். உங்கள் நம்பர்தான் என்பதால் யாரும் பயப்பட மாட்டார்கள். எடுத்ததும் ஹலோ சொல்லாமல் இரண்டு நொடி விடுங்கள். பிறகு கஸ்டமர் கேரில் வரும் ரெக்கார்டிங் மாதிரி, தட்டையான குரலில்: "வணக்கம். நீங்கள் அழைத்த நண்பர் தற்போது சோம்பலில் இருக்கிறார். கடன் கேட்க, எண் ஒன்றை அழுத்தவும். வாங்கிய கடனைத் திருப்பித் தர, எண் இரண்டை அழுத்தவும்."

உயிரே அந்த ராகத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு "அழுத்தவும்" என்பதும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். "ஒன்றை", "இரண்டை" என்பதற்கு முன்னால் ஒரு சின்ன வெட்டு, தனித்தனியாகப் பதிந்து ஒட்டியதுபோல. நாலு வரியையும் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

"டேய், நீதானே?" என்பான். இங்கேதான் பலர் சிரித்துக் கோட்டை விடுகிறார்கள். "மன்னிக்கவும், தவறான தேர்வு" என்று சொல்லிவிட்டு, வார்த்தை மாறாமல் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். நிஜமாகவே பட்டனை அழுத்துகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒலிகள். 1-க்கு 697, 1209 ஹெர்ட்ஸ், 2-க்கு அதே 697-உடன் 1336. காதால் பிரிப்பது கஷ்டம். எதை அழுத்தினாலும் பொருந்தும்படி, "உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு வந்தால் கையால் பொத்தாதீர்கள், ஃபோனில் ஒன்றுக்கு மேல் மைக் இருக்கும். மியூட் செய்யுங்கள், திடீர் நிசப்தம் இந்த வேஷத்துக்குப் பொருத்தமும்கூட.

விபத்து, ஆஸ்பத்திரி, போலீஸ், பேங்க், ஓ.டி.பி. எதுவும் மெனுவில் வரக்கூடாது. எதிர்முனையில் முதல் சொல்லே பதற்றமாகவோ அழுகையாகவோ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஒன்றரை நிமிஷம் தாராளம். அதற்குள் வைத்துவிட்டார்களா? உடனே திருப்பிக் கூப்பிட்டு, என்ன விஷயமாகப் பேச வந்தார்கள் என்று கேளுங்கள்.