ஒய்-விங் இரண்டு, சரக்குக் கப்பல் ஒன்று: 4000 ஆண்டு இடைவெளியை பிளாஸ்டிக்கில் காட்டுவது

ஸ்டார் வார்ஸ் கதையின் விண்கப்பல்கள் மூன்றின் மாதிரிகளை 1/72 அளவில், அதாவது நிஜ அளவில் 72-ல் ஒரு பங்காக, ஒரே பலகையில் காலவரிசைப்படி நிறுத்த வேண்டும். எது பழையது, எது புதியது என்பது பெயர்ச்சீட்டு இல்லாமலே தெரிய வேண்டும். இதுதான் வேலை. இடது ஓரத்தில் யாவின் போருக்கு 3956 ஆண்டு முந்தைய சரக்குக் கப்பல். (1977 படத்தின் உச்சக்கட்டச் சண்டைதான் யாவின் போர்; இந்தக் கதையுலகில் ஆண்டுக் கணக்கு அதிலிருந்துதான்.) 2003-ல் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' வீடியோ விளையாட்டின் எபன் ஹாக் கப்பல் வகையறா. நடுவில் குளோன் போர்க்கால ஒய்-விங் (குண்டுவீசும் சிறு போர்க்கப்பல்), அதாவது யாவினுக்கு சுமார் 20 ஆண்டு முந்தையது. வலது ஓரத்தில் யாவின் போரிலேயே பறந்த ஒய்-விங். ஒய்-விங் இரண்டும் முடிந்தாயிற்று. சரக்குக் கப்பல்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

முதலில் நீளத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பழைய கையேடுகளில் ஒய்-விங் 16 மீட்டர். 1/72-ல் 222 மி.மீ. புதியவற்றில் 23.4 மீட்டர், அது 325 மி.மீ. பத்து செ.மீ. வித்தியாசம். ஒரு கணக்கைப் பிடித்து கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். இங்கே 16 மீட்டர்தான் கணக்கு.

வலது ஓரத்து ஒய்-விங்கில் சொல்ல அதிகமில்லை. உறை கழற்றிய எலும்புக்கூடு. 1/72 கிட்டில் (கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் துண்டுத் தொகுப்பில்) அப்படியே வருகிறது. அந்த உறை எங்கே போயிற்று என்பதற்கு கதையில் ஒரு விளக்கம் உண்டு: பராமரிப்பு அதிகம் கேட்கும் கப்பல், தினமும் தகடு கழற்றி மாட்டி அலுத்துப்போன மெக்கானிக்குகள் நிரந்தரமாகவே கழற்றிவிட்டார்கள். உண்மையில் நடந்தது தலைகீழ். 1977 படத்துக்கு எலும்புக்கூட்டைத்தான் முதலில் செய்தார்கள். உறை போட்ட முழு உருவம் திரைக்கு வந்தது 2008-ல், குளோன் வார்ஸ் தொடரில். நடு ஒய்-விங் செய்வது என்றால் அந்த 2008 உறையை 1977 எலும்புக்கூட்டின் மேல் மாட்டுவது.

அதே கிட்டை இன்னொன்று வாங்கி, வெளியே துருத்தும் குழாய்-பெட்டித் துண்டுகளில் எவ்வளவு விட முடியுமோ அவ்வளவையும் மாட்டாமல் விட வேண்டும். மாட்டிவிட்டு அதன் மேல் உறை போட்டால் முதுகு 2–3 மி.மீ. தடித்து, கப்பல் கர்ப்பிணி மாதிரி ஆகிவிடும்.

என்ஜின் உருளையின் உறைக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட். வெட்டும் அகலத்தை வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் துண்டு பெரிதாகிவிடும். ஷீட்டின் நடுக்கோட்டை வைத்துக் கணக்கிட வேண்டும். உருளை 22 மி.மீ. விட்டம் என்றால் 22.5 × 3.14, சுமார் 70.7 மி.மீ. 71.5 என வெட்டி, பசை போடாமல் வைத்துப் பார்த்துத் தேய்த்துக் குறைப்பது நல்லது. ஷீட்டை 18 மி.மீ. குழாயில் சுற்றி, மாஸ்கிங் டேப்பால் இறுக்கி, கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணீரில். குழாயும் 22 மி.மீ. ஆக இருந்தால் டேப்பைப் பிரித்ததும் ஷீட் விரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு சிறிய குழாய்தான் சரி. கொதிக்கும்போதே பாத்திரத்தில் போட்டால் ஓரங்கள் அலையலையாக நெளியும்.

முதுகு உறைக்கு 1 மி.மீ. ஷீட்டில் விலா வெட்டி, 15 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, மேலே தோல். இங்கே முதல் முயற்சி குப்பைக்குப் போனது. தோல் 0.3 மி.மீ.; மெல்லிய சிமெண்ட் (பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவப் பசை) தாராளமாக ஓடியது; மறுநாள் விலாவுக்கு நடுவே தோல் உள்வாங்கி, பட்டினி கிடந்த குதிரை மாதிரி எலும்பு எண்ணலாம் போலிருந்தது. சிமெண்ட் ஷீட்டை இளக்கித்தான் ஒட்டுகிறது. மெல்லிய ஷீட் இளகினால் தொய்யும். இரண்டாம் முறை தோல் 0.5 மி.மீ., விலா உச்சியில் மட்டும் புள்ளி புள்ளியாக சிமெண்ட். கூடவே அடிப்பக்கம் 1 மி.மீ. துளை ஒன்று. மூடிய பெட்டிக்குள் சிமெண்ட் ஆவி அடைபட்டால் இரண்டு வாரம் கழித்துக்கூட உறை வளையும். துளை இருந்தால் ஆவி வெளியேறிவிடும்.

தகட்டுக் கோடு கீற டைமோ டேப்பை (லேபிள் அச்சடிக்கும் தடித்த பிளாஸ்டிக் டேப்) ஒட்டி, அழுத்தாமல் மூன்று நான்கு இழுப்பு. 0.15 மி.மீ. கோடு என்றால் நிஜ அளவில் 11 மி.மீ. இடுக்கு, அதற்கு மேல் அகலமானால் கப்பல் பொம்மையாகத் தெரியும்.

நிறத்தில் ஒரு வேடிக்கை. குளோன் போர்க் கப்பலுக்கு வெளிர் உடலில் மஞ்சள் பட்டை. யாவின் போரின் ஒய்-விங் அணியான கோல்ட் ஸ்க்வாட்ரனுக்கும் மஞ்சள் பட்டை. நிறத்தை வைத்துக் காலத்தைப் பிரிக்க வழியில்லை. தேய்மானம் ஒன்றுதான் மிச்சம். வலது ஓரத்துக் கப்பலுக்கு வெள்ளி நிற அடிப்பூச்சு, அதன் மேல் பளபளப்பு வார்னிஷ், ஹேர் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய கோட், பிறகு தண்ணீரில் கலந்த அக்ரிலிக். அரைமணிக்குள் ஈரத்தூரிகையால் தேய்த்தால் பெயிண்ட் சிராய்த்துப் பெயரும். அக்ரிலிக்கை லாக்கர் தின்னரில் கலந்தால் ஹேர் ஸ்ப்ரேயைத் தாண்டிக் கடித்துப் பிடித்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் பெயராது.

எனாமல் வாஷில் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த இருண்ட பெயிண்ட்) எச்சரிக்கை தேவை. பசையில்லாமல் அழுத்திப் பூட்டும் கிட்டில் துளைகள் எப்போதும் இழுவிசையில் இருக்கின்றன. எனாமல் தின்னர் அங்கே ஊறினால் பிளாஸ்டிக் கண்ணாடி போல் விரிசல் விடும். என்ஜின் வளையத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று அப்படித்தான் போயிற்று. பூட்டும் துளையை முன்கூட்டியே சற்றுத் தளர்த்தி, வார்னிஷ் போட்ட பிறகே வாஷ். அதுவும் கோட்டில் மட்டும் தொட்டு விட வேண்டும், குளிப்பாட்டக் கூடாது.

ஒய்-விங் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வரிசை தெளிவாகப் படிகிறது. என்ன, பழையது புதிதாக இருக்கிறது, புதியது பழசாக இருக்கிறது. யாவினுக்கு 32 ஆண்டு முந்தைய நபூ என்-1 போர்விமானம் பளபளவென்று குரோம் மின்னுவதும் இதே கணக்குதான்.

இப்போது சரக்குக் கப்பல். 1977 படத்தின் கடத்தல்காரன் கப்பலான மில்லேனியம் ஃபால்கன் 1/72-ல் 48 செ.மீ. வரும், இதற்கு 34 செ.மீ. என்று வைத்து, 1 மி.மீ. ஷீட்டில் கூடு கட்டியாயிற்று. மேல்தளத்தில் உதிரிப் பெட்டியிலிருந்து டாங்கி, பீரங்கி வண்டித் துண்டுகள் 200-க்கு மேல் ஒட்டி, சாம்பல் ப்ரைமர் அடித்துப் பார்த்தால் அது ஃபால்கனின் தம்பி. 4000 ஆண்டு மூத்த கொள்ளுத்தாத்தாவாக எந்தக் கோணத்திலும் தெரியவில்லை.

விளையாட்டைச் செய்தவர்களுக்கே அதுதான் தேவைப்பட்டது: பிளாஸ்டர் துப்பாக்கி, லைட்சேபர் என்ற ஒளிவாள், ஒளியை மிஞ்சிப் பறக்கும் ஹைப்பர்டிரைவ், ஒரு டிராய்டு (ரோபோ), கடத்தல்காரன் கப்பல். இவற்றில் ஒன்றை எடுத்தாலும் 'இது ஸ்டார் வார்ஸ் இல்லை' என்று ஆள் போய்விடுவான். அந்தக் கடத்தல்காரன் கப்பலின் தோற்றமோ, 1970-களில் ஒரு பட்டறையில் இரண்டாம் உலகப்போர் டாங்கி, விமான கிட்களை உடைத்து ஒட்டியதில் பிறந்தது. ஆக யாவினுக்கு 3956 ஆண்டு முன்னும் 1940-களின் ரேடியேட்டர்தான் ஓடுகிறது.

பழமை காட்டச் செய்து பார்த்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, நுணுக்கத் துண்டுகளை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, பெரிய தகடு, தடித்த குழாய் வைத்தது. தோல்வி; கப்பல் பழசாகவில்லை, சிறிசாகிவிட்டது. நுணுக்கத்தின் அடர்த்தியை வைத்துத்தான் கண் அளவைக் கணிக்கிறது. 3 மி.மீ. குழாய் 1/72-ல் 22 செ.மீ. தடிமன் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, 'சின்னப் படகு' என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு, துரு ஏற்றியது. அப்போது 4000 ஆண்டு முந்தையதாகத் தெரியாமல் காயலான் கடைக்குப் போக வேண்டிய ஃபால்கனாகத் தெரிந்தது. அடர்த்தி அளவைச் சொல்கிறது, தேய்மானம் உழைப்பைச் சொல்கிறது. வயதைச் சொல்லத் தனியாக ஒரு குறி இந்த மொழியில் மிச்சமில்லை.

எந்திரத்தின் பக்கமும் உதவி இல்லை. யாவினுக்கு 22 ஆண்டு முந்தைய ஜெடாய் டெல்டா-7 போர்விமானத்துக்கு ஹைப்பர்டிரைவ் வேகத்தில் போக வெளி வளையம் வேண்டும், யாவின் போரில் பறந்த எக்ஸ்-விங்குக்கு வேண்டாம். முன்னேற்றம் என்று வளையத்தைக் காலக்குறியாக எடுத்துக்கொள்ளப் பார்த்தால், அதற்கும் பத்து ஆண்டு முந்தைய என்-1 வளையமில்லாமலே போய்வருகிறது.

உண்மையான காலக்குறி ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவந்தது காமிக்ஸ். 1996–97-ல் வந்த 'கோல்டன் ஏஜ் ஆஃப் தி சித்' கதையில், யாவினுக்கு 5000 ஆண்டு முன், லைட்சேபர் பிடியிலிருந்து கேபிள் ஒன்று இடுப்பு மின்கலப் பெட்டிக்குப் போகிறது. ஒரே ஒரு வயர். பார்த்த நொடியில் பழசு என்று புரிகிறது. 1/72 ஆளில் இதைக் காட்ட முடியாது. 1/12 உருவத்தில் முடியும்: 30 செ.மீ. பிடி 25 மி.மீ. ஆகும், பழைய இயர்போன் வயருக்குள் இருக்கும் இழைகளை முறுக்கி 0.5 மி.மீ. ஆக்கினால் நிஜ அளவில் 6 மி.மீ. கேபிள். பெட்டிக்கு 8 × 5 × 3 மி.மீ. ஸ்டைரீன் கட்டி. வயரைக் கைமூட்டு ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கையை அசைத்த அசைவில் பிய்ந்துவிடும்.

அந்த யோசனையைச் சரக்குக் கப்பலுக்கும் இழுத்துப் பார்ப்பதுதான் இப்போதைய வேலை. மேல்தளத் துண்டுகளில் பாதியைச் சுரண்டி எடுத்தாயிற்று. என்ஜினை உடலுக்குள் வைக்காமல் பின்னால் தனிப் பெட்டியாகத் தள்ளி, 0.8 மி.மீ. ஈயக் கம்பி நான்கால் உடலோடு இணைத்திருக்கிறது. நிஜ அளவில் 6 செ.மீ. கேபிள். விளையாட்டில் இருக்கும் எபன் ஹாக் இப்படி இல்லை, ஆகவே இனி அந்தப் பெயரை இதற்கு வைக்க முடியாது. ப்ரைமர் இன்னும் அடிக்கவில்லை. ஈயத்தின் மேல் அக்ரிலிக் ப்ரைமர் உரியும் என்பதால் லாக்கர் ப்ரைமர் வாங்க வேண்டும்.