ஐஸ் பிளான்டிலிருந்து மின்சிக்கன அமைப்பின் பொறுப்புக்கு வந்த வழி

மின்சாரத்தையும் எரிபொருளையும் வீணாக்காமல் பயன்படுத்தச் சொல்லித்தரும் ஒரு லாப நோக்கற்ற அமைப்பில் திட்டப் பொறுப்பாளராக இருக்கிறேன் என்றால், நாகர்கோவிலில் இரண்டு கேள்விகள் வரும். "அதுக்கு என்ன படிக்கணும்?" "சம்பளம் எல்லாம் உண்டா?" உண்டு. தொடக்கத்தில் பழைய வேலையைவிடக் குறைவாக இருந்தது, இப்போது பரவாயில்லை. முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கென்று நேராக ஒரு படிப்பைக் கைகாட்ட என்னால் முடியவில்லை.

நான் கோணம் அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன். அப்புறம் குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் எலக்ட்ரீஷியன் வேலை. உள்ளே போனால் அம்மோனியா கம்ப்ரசர் ஒரு பக்கம், உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம். தொட்டிக்குள் வரிசையாக ஐஸ் உறைய வைக்கும் கேன்கள், மேலே மரப்பலகை மூடிகள். பலகை உடைந்த இடத்தில் சாக்கைப் போட்டு மூடியிருப்பார்கள். அந்தச் சாக்கு வழியாகத்தான் குளிர் போகிறது, அதைத் திரும்பப் பிடிக்கக் கம்ப்ரசர் கூடுதலாக ஓடுகிறது என்பதெல்லாம் அங்கே யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஆனால் எவ்வளவு போகிறது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து ஈ.பி.யைத் திட்டுவதோடு சரி.

எரிசக்தித் தணிக்கையாளர், அதாவது மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்பவர், ஆவதற்கு ஒரு தேர்வு இருப்பதைச் சொன்னவர், அம்மோனியாவின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரைப் பார்க்க வந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. 2001-ல் வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி மத்திய அரசு 2002-ல் எரிசக்தித் திறன் பணியகத்தை அமைத்தது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் ஒட்ட வைப்பது இவர்கள்தான். தணிக்கையாளர் தேர்வும் இவர்களுடையதே. இன்ஜினீயரிங் பட்டதாரிக்கு மூன்று வருட அனுபவம் போதும், டிப்ளமோகாரனுக்கு ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தைக் காகிதத்தில் காட்டுவதுதான் படிப்பதைவிடக் கஷ்டம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், "இவர் எங்களிடம் வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தார்கள். என்ன இயந்திரம், என்ன பொறுப்பு என்று சேர்த்து எழுதித் தரச் சொன்னால், "கல்யாணத்துக்கா கேக்க?" என்று கிண்டல் வேறு. கடைசியில் நானே வேலை விவரத்தைத் தட்டச்சு செய்துகொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். தேர்வு எழுத நினைப்பவர்கள் வேலையில் இருக்கும்போதே இதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வில் நான்கு தாள்கள். முதல் மூன்றை மட்டும் எழுதித் தேறினால் எரிசக்தி மேலாளர், நான்கையும் தேறினால் தணிக்கையாளர். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுத்தாக வேண்டும். நான்காவது தாளுக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம். ஆகா என்று நினைக்க வேண்டாம், தேடிப் பார்க்க நேரம் இருக்காது. புத்தகங்களைப் பணியகமே வெளியிட்டிருக்கிறது. நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.

மின்சாரத் தாள் எனக்குக் கைக்கு வந்த விஷயம். மின்விசிறி, பம்பு போன்றவற்றின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும் என்ற கணக்கைப் படித்தபோது, தினமும் பார்க்கிற மோட்டார்களைப் பற்றி இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. வெப்பத் தாள்தான் படுத்திவிட்டது. பாய்லரையே கண்ணால் பார்த்ததில்லை. கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் என் சித்தப்பா மகன் வேலை பார்த்தான். அவனைப் பிடித்து உள்ளே போனேன். முந்திரித் தோடுதான் எரிபொருள். புகைக்கூண்டு தொடமுடியாத சூட்டில் இருந்தது. அங்கே நின்றபோதுதான், புகையோடும் மற்ற வழிகளிலும் வீணாகப் போகிற சூட்டைக் கணக்கிட்டு, மீதியைப் பாய்லரின் திறனாக எடுத்துக்கொள்ளும் முறை புரிந்தது. அப்படியும் அந்தத் தாளில் ஒருமுறை தேறாமல், மறுபடி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய் எழுதித்தான் முடித்தேன்.

சான்றிதழ் வந்த பிறகு, சின்னத் தொழில்களுக்குத் தணிக்கை செய்துகொடுக்கும் இந்த அமைப்பில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். வேலை என்ன? ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், வெப்பமானி, ஒரு நோட்டு. ஐஸ் பிளான்ட், முந்திரி ஆலை, ரப்பர் ஷீட் புகைக்கூடம், செங்கல் சூளை என்று சுற்றுவது. இந்த மாவட்டத்தில் தணிக்கை செய்கிறவனுக்கு மீன்பிடித் தடைக்காலம் மனப்பாடமாக இருக்க வேண்டும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு நின்றால் ஐஸுக்குத் தேவை குறையும், கரண்ட் பில்லும் குறையும். மே மாதம் பலகை மூடியை மாற்றிவிட்டு, ஜூலை பில்லைக் காட்டி "பாருங்கள், மிச்சம்" என்று குளச்சலில் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

அதனால் மொத்த யூனிட்டை விட்டுவிட்டு, ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட் என்று பார்க்க ஆரம்பித்தோம். 30 டிகிரித் தண்ணீர் ஒரு டன்னை 0 டிகிரிக்குக் கொண்டுவர 30,000 கிலோ கலோரி வெளியேற்ற வேண்டும், அதைக் கட்டியாக்க இன்னும் 80,000. இது இயற்கை கேட்பது, குறைக்க முடியாது. அதற்கு மேல் போவதெல்லாம் உப்புப் படிந்த கண்டன்சர், உடைந்த மூடி, தேவைக்கு மீறிக் குளிர வைத்த உப்புத்தண்ணீர் ஆகியவற்றின் கணக்கு. அம்மோனியா ஆவியாகிக் குளிரூட்டும் பக்கத்து வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 3 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பணியகத்தின் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு முதலாளி அதையும் கேட்டுவிட்டு, "மக்களே, மீட்டர் ஓடுறது எனக்குத் தெரியுது. மிச்சமாகுறது எங்கே ஓடுது, அதைக் காட்டு" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கேன் எண்ணிக்கையையும் மீட்டரையும் அவர் ஆட்களே தினமும் எழுதி, டன் கணக்கு இறங்குவதை அவரே பார்த்த பிறகுதான் மற்ற வேலைகளுக்குக் காசு எடுத்தார்.

திட்டப் பொறுப்பாளர் இடம் காலியானபோது விண்ணப்பிக்கத் தயக்கமாக இருந்தது. டிப்ளமோகாரன் தலைமைக்கா? சரி, இத்துறையில் பெரிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஆர்தர் ரோசன்ஃபெல்டு என்ரிக்கோ ஃபெர்மியிடம் படித்த துகள் இயற்பியல்காரர். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆய்வுக்கூடத்தில் வீணாக எரிந்த விளக்குகளை அணைத்துக்கொண்டு போனவர், அப்படியே இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ஏமரி லோவின்ஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் பட்டம் வாங்காமல் விட்டுவிட்டு, 1982-ல் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிடியூட் என்ற எரிசக்தி ஆய்வு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் ஊரில் அஜய் மாத்தூர் வேதிப்பொறியாளர். எரிசக்தித் திறன் பணியகத்தை நடத்தியவர், அப்புறம் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரானார். என்னை அதிகம் பிடித்து இழுத்தவர் புனேயின் கிரீஷ் சந்த். பிரயாஸ் அமைப்பின் எரிசக்திக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி மகாராஷ்டிரத்தில் போட்ட தாபோல் மின்திட்ட ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டுக் கேள்வி கேட்ட குழு அது. 2012-ல் காலமாகிவிட்டார். இவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. இவர்களில் பலர் வேறு படிப்பிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் என்பது மட்டும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நேர்காணலில் பட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். மீதி நேரம் முழுக்க, "நீங்கள் மிச்சப்படுத்தியதாகச் சொல்வதை நன்கொடையாளருக்கு எப்படி நிரூபிப்பீர்கள்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். தடைக்காலக் கதையைச் சொன்னேன். கேன் எண்ணிக்கை எழுதிய நோட்டின் பக்கங்களைக் காட்டினேன். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

பொறுப்புக்கு வந்தபின் மீட்டரைவிட அறிக்கையும் பட்ஜெட்டும்தான் நேரத்தைத் தின்கின்றன. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. பெரிய ஆலைகளுக்கான கட்டாயத் தணிக்கையில் கையெழுத்திட அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர் என்ற அடுத்த படி இருக்கிறது. அதற்கும் பார்க்க வேண்டும்.

இப்போது எங்களுக்கு ஒரு களப்பணியாளர் தேவை. வருகிறவர்களிடம் ஓர் ஐஸ் பிளான்டின் உயரழுத்த மின்பில்லைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அனுமதி பெற்ற டிமாண்டில், அதாவது ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்ட மின்சுமையில், 90 சதவீதத்துக்காவது கட்டணம் கட்டியாக வேண்டும், பிளான்ட் பாதி ஓடினாலும். பில்லில் அந்த வரியைக் கண்டுபிடித்து, "இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு டிமாண்ட்?" என்று கேட்கிறவர் பிளஸ் டூ படித்திருந்தாலும் உட்காரவைத்துப் பேசுகிறேன்.